அரை அங்குல இடைவெளி

பிப்ரவரி 6, திங்கள். தூத்துக்குடி

மொரிவாகி தெத்சுவோ ஐந்தடி மூன்று அங்குலம்தான் இருக்கிறார். விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நின்ற நான், அவரைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தேன். "நான்தான் அது. மன்னிக்கவும், திரையில் பெரிதாகத் தெரிவேன்" என்றார் ஜப்பானிய மொழியில். எழுபத்தொரு வயது. ஐம்பது வருடமாக அங்கே சினிமாவிலும் டிவியிலும் கெட்டவனாக நடித்தவர். இந்தத் தமிழ்ப் படத்தில் கடத்தல்காரனாக வருகிறார். உப்பளத்திலும் துறைமுகம் பக்கம் ஒரு பழைய கிடங்கிலும் சூட்டிங். யூனிட் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை யூனிட்டுக்கும் சொல்ல வேண்டியது என் வேலை.

வேலையை வாங்கிக் கொடுத்தது இவர். இவர் என்று நான் எழுதுவது என் கணவர் சேவியரை. ஃபைட் மாஸ்டர் கனகுவிடம் முதல் உதவியாளர். ஒரகடத்தில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு நின்றவள் நான். மூன்று வருடமாக வீடுதான். "நான் சொல்லித்தான் உன்ன எடுத்திருக்காங்க ரெஜினா. யூனிட்ல என் பேரக் காப்பாத்து" என்றார் ரயிலில்.

மகள் ஜெனியை அயனாவரத்தில் ரோஸ்லின் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். கிளம்பும்போது அழவில்லை. பெரிய பெண்ணாகிவிட்டாள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

கிடங்கில் முதல் காட்சி. படத்தில் மொரிவாகி சானின் (பெயரோடு ஜப்பானியர் சேர்க்கும் மரியாதைச் சொல் அது) ஆட்கள் ஹீரோவின் நண்பனைத் தூணில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். ஒத்திகையில் அடிப்பவனாக இவரே நின்று காட்டினார். முழு வேகத்தில் வந்த கை, கன்னத்துக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது. அடி வாங்குபவர் தலையைச் சடாரென்று திருப்ப, பக்கத்தில் ஒருவர் தொடையில் தட்டிச் சத்தம் கொடுத்தார். அடுத்து வயிறு, தாடை, மறுபடி கன்னம். பதினெட்டு அடி. ஒன்றுகூடப் படவில்லை.

மொரிவாகி சான் நாற்காலியில் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனிதர் யார்?"

"என் கணவர். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. இதுவரை அவர் கையால் யாருக்கும் அடிபட்டதில்லை."

"கியோட்டோ ஸ்டுடியோக்களில்கூட இப்படி நிற்கிற கையை மூன்று பேரிடம்தான் பார்த்திருக்கிறேன்."

அதை இவரிடம் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டார். சாயங்காலம் எனக்கு மக்ரூன் வாங்கி வந்தார்.

காட்சிகளுக்கு நடுவே மொரிவாகி சான் தன் பிழைப்பைப் பற்றிச் சொன்னார். எழுபதுகளின் ரவுடிப் படங்களில் கும்பலின் தலைவன் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வலது பக்கம் மூளைக்காரன். இடது பக்கம் முதலில் அழகன். அந்த அழகனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் நிற்பான், வசனம் இருக்காது, முதலில் பாய்ந்து முதலில் சாவான். "அந்த இடத்தில் நான் பத்து வருடம் நின்றேன். என் பெயர் யாருக்கும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தால் குழந்தைகள் அழும்."

பிப்ரவரி 9, வியாழன்

குளியலறையில் வழுக்கிவிட்டது. வலது முழங்கை வீக்கம். ஐஸ் வைத்தேன். ஜெனிக்குக் கணக்கில் எழுபத்தெட்டு.

பிப்ரவரி 10, வெள்ளி

"இந்த வெயில்ல எதுக்கும்மா முழுக்கைச் சட்ட?" என்று கேட்டார் மல்லிகா அக்கா. யூனிட்டின் ஹேர் டிரஸ்ஸர், வடபழனிக்காரர், மேக்கப்பும் பார்க்கிறார். உப்பளத்து வெயில் கறுக்க வைக்கிறது என்றேன்.

மொரிவாகி சானின் புருவத்திலிருந்து காதுவரை ஒரு பழைய வெட்டு இருக்கிறது. மேக்கப் என்று நினைத்திருந்தேன். நிஜம்.

அவர் பிறந்தது ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் ஒரு நிலக்கரி ஊர். சுரங்கம் மூடியதும் பத்தொன்பது வயதில் கியோட்டோ வந்து ஸ்டுடியோவில் துணை நடிகராகச் சேர்ந்தார். வாள் சண்டைப் படங்களில் கதாநாயகனின் கையால் வெட்டுப்பட்டு விழுவதுதான் வேலை. விழத் தெரியாதவர்களை மூத்த நடிகர்கள் காலையில் வரிசையாக நிற்க வைத்து மரவாளால் தொடையில் அடிப்பார்கள். அவருக்கு முன்பல் ஒன்று அப்படிப் போனது. ஒரு நாள் மூங்கில் வாள்களோடு இரும்பு வாள் ஒன்று தவறிக் கலந்துவிட்டது. முகத்தில் விழுந்தது. ரத்தம் கண்ணை மறைக்க அவர் தடுமாறி விழுந்ததை டைரக்டர் கேமராவை நிறுத்தாமல் எடுத்தார். படத்தில் அதையே வைத்தார்கள்.

"இருபத்திரண்டு தையல். அதற்குப் பிறகுதான் எனக்கு வசனம் கொடுத்தார்கள்" என்றார். புகார் சொல்கிற குரல் இல்லை. ஒரு ஊழியர் பதவி உயர்வு பற்றிச் சொல்வது போல இருந்தது.

பிப்ரவரி 13, திங்கள்

கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு விழும் காட்சியில் பாபு என்ற ஃபைட்டருக்குக் கயிறு நழுவிவிட்டது. அக்குளில் கண்ணாடி ஆழமாக ஏறி, ரத்தம் பீய்ச்சி அடித்தது. எல்லோரும் திகைத்து நிற்க, இவர் தன் சட்டையைக் கழற்றிக் காயத்தில் அமுக்கி, பாபுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாராம். பாபு பிழைத்துவிட்டார்.

"உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள் கெடைக்கணும்மா" என்றார் கனகு மாஸ்டர். ஆமாம் என்றேன். அது உண்மையும்தான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

இவர் யூனிட் முழுக்கப் பார்க்க எனக்கு ரோஜா கொடுத்தார். கை தட்டினார்கள்.

பிப்ரவரி 15, புதன்

மொரிவாகி சான் சொன்ன நகைச்சுவை ஒன்றை நான் தமிழில் சொன்னேன். மதியச் சாப்பாட்டில் டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், நீங்க சும்மா டிரான்ஸ்லேட் பண்ணல, நடிக்கறீங்க" என்றார். இவர் எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 16, வியாழன்

இடது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம். உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல.

பிப்ரவரி 17, வெள்ளி

இன்று என்னால் ஒருவருக்கு அடிபட்டது.

உப்பளத்தில் சண்டை. மொரிவாகி சானைச் சுற்றி நான்கு பேர். இரும்புக் கம்பி மாதிரி வர்ணம் பூசிய சவுக்குக் கட்டைகள். மூன்றாவது கட்டை வரும்போது அவர் இடப்பக்கம் குனிய வேண்டும் என்று ஒத்திகை. கடைசி நிமிடத்தில் கனகு மாஸ்டர் அதை வலப்பக்கம் என்று மாற்றியிருக்கிறார். என் இடது பக்கத்தில் நின்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மொரிவாகி சான் இடப்பக்கம் குனிந்தார். கட்டை நெற்றியில் இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல ஒரு சத்தம். முட்டி போட்டு உட்கார்ந்தவரின் முகத்திலிருந்து உப்புக் குவியலில் ரத்தம் சொட்டியது. மண்ணில் என்றால் உள்ளே போயிருக்கும். உப்பில் அது சிவப்பாக ஊறிப் படர்ந்துகொண்டே இருந்தது.

இவர் ஓடி வந்து எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். "மாஸ்டர் தொண்ட கிழியக் கத்துறாரு. காது என்ன செவிடா உனக்கு?"

மொரிவாகி சான் ரத்தக் கையால் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து, "தவறு என்னுடையது என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். தைத்து முடித்த டாக்டரம்மாவிடம் மொரிவாகி சான் என்னைச் சுட்டிக்காட்டித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "டாக்டர், இயர். ஹெர் இயர்" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். டாக்டரம்மா விடவில்லை. விளக்கடித்துப் பார்த்தார்.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. எப்பம்மா நடந்துச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்."

"விழுந்தா இப்படிக் கிழியாது. கைய விரிச்சுக் காதோட சேத்து அறைஞ்சாத்தான் இப்படி ஆவும்." என் முகத்தையே பார்த்தார். "சரி, நீங்க சொல்லுதத எழுதுதேன். நான் பாத்தத்தையும் எழுதுவேன். சீட்ட பத்திரமா வச்சுக்கிடுங்க."

வெளியே பெஞ்சில் காரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது மொரிவாகி சான் பேசினார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"நேற்றிலிருந்து நான் பேசும்போது நீங்கள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறீர்கள். என் வீட்டில் ஒரு பெண் அப்படித் திரும்புவாள். என் மனைவி ஃபுமியே. அவளுக்குப் போனது வலது காது. நான் அறைந்தது."

கார் வருகிறதா என்று வாசலைப் பார்த்தேன்.

"அவள் ஸ்டுடியோவில் உடை தைப்பவள். கல்யாணமாகி மூன்றாம் வருடம். சூப் ஆறியிருந்தது என்பது காரணம். கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் ஒரு டிவி தொடருக்காக ஒரு நடிகையை அறையும் காட்சி. முப்பத்திரண்டு டேக். ஒரு தடவைகூட என் விரல் அந்தப் பெண்ணின் மேல் படவில்லை. சாயங்காலம் ரயிலில் வரும்போதுதான் எனக்கே புரிந்தது, என் கைக்கு நிற்கத் தெரியும் என்று. புரிந்த பிறகும் எட்டு வருடம் அடித்தேன்."

"உங்கள் அப்பா உங்களை அடிப்பாரா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்லை. மிகவும் சாதுவானவர். யாரும் காரணம் தேட வேண்டாம்."

ஃபுமியே அவரை விட்டுப் போன அதே வருடம்தான் டிவி காலைத் தொடர் ஒன்றில் அவருக்கு முதல் நல்லவன் வேடம் கிடைத்ததாம். ஊரில் எல்லோருக்கும் சைக்கிள் ஒட்டுப் போட்டுத் தரும் கடைக்காரர். நாடே அவரைச் சைக்கிள் கடை மாமா என்றது. மார்க்கெட்டில் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "அந்தக் கையை" என்றார்.

"இதை எதற்கு என்னிடம் சொல்கிறீர்கள்?"

"உங்கள் கணவருடைய கை நிற்கத் தெரிந்த கை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

"நான் குளியலறையில் விழுந்தேன்" என்றேன். ஜப்பானிய மொழியில் இருக்கும் மிக மரியாதையான வடிவத்தில் சொன்னேன். அவர் தையல் போட்ட தலையைக் குனிந்து, "அப்படியா" என்றார்.

பிப்ரவரி 18, சனி

கோபமாக வருகிறது. தன் பாவத்தை இறக்கி வைக்க அவருக்கு என் மடிதான் கிடைத்ததா. இவரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். இவர் குடிப்பதில்லை. ஜெனி மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. போன வருடம் ஏழு மாதம் முழுக்க ஒன்றுமே இல்லாமல் இருந்தோம். ஒரகடத்தில் வேலையை விட்ட நாள் நடந்ததற்கு முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டார், மூக்கு எலும்பு சேரும்வரை அவரே சமைத்தார்.

பிப்ரவரி 20, திங்கள்

கிடங்கில் நாள் முழுக்கச் சண்டை ஒத்திகை. நாற்பத்தொரு அடி. எதுவும் படவில்லை. ஒரு ஃபைட்டர் கால் இடறி முன்னால் வந்துவிட்டபோதுகூட, பாதி வழியில் இவர் கை காற்றிலேயே திரும்பிவிட்டது.

நான் ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, புதன். சாம்பல் புதன்

கோயிலுக்குப் போக முடியவில்லை. கழுத்தைத் திருப்ப வலிக்கிறது. மொரிவாகி சானிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்கிறார் இவர். சரி என்றேன்.

மேக்கப் வேனில் மல்லிகா அக்கா கதவைச் சாத்திவிட்டு என் சால்வையை எடுத்தார். கழுத்தில் இருந்த நான்கு விரல் தடத்தின் மேல் மேக்கப் மாவைப் பூசினார். "காலையில இருந்து நாலு பேருக்குக் காயம் வரைஞ்சேன். உனக்கு அழிச்சினு இருக்கேன்" என்றார். இரண்டுக்கும் ஒரே டப்பா.

பிப்ரவரி 27, திங்கள். ஆஸ்பத்திரி

இரண்டு நாள் எழுத முடியவில்லை. இடது கண் மூடியிருக்கிறது. கன்னத்து எலும்பில் விரிசல். வலது கை நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். யாரிடமும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்றால் முதலில் இங்கே எழுதிப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஹோட்டல் ஹாலில் பத்திரிகையாளர் சந்திப்பு. உள்ளே போவதற்கு முன் மொரிவாகி சான் என்னை நிறுத்தினார். "என் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். எனக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் எதை விட்டாலும் எனக்குத் தெரியாது. உங்கள் இஷ்டம்" என்றார்.

யூடியூப் சேனல் பையன்கள், நிருபர்கள், யூனிட் எல்லாம் சேர்ந்து எண்பது பேர் இருப்பார்கள். கனகு மாஸ்டரும் சேவியரும் இரண்டாம் வரிசையில். படத்தைப் பற்றி அரை மணி நேரம் போனது. பிறகு ஒருவர் எழுந்தார்.

"சார், அம்பது வருஷமா வில்லன். நிஜ வாழ்க்கையில நீங்க ஹீரோதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேள்வியைச் சொன்னேன். மொரிவாகி சான் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். சொல்லிவிட்டு எனக்காக நிறுத்துவார்.

மொழிபெயர்ப்பாளர் 'அவர்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சியின் முதல் நாள் பாடம் அது.

"சினிமாவுல நான் யாரையும் அடிச்சதில்ல" என்றேன். "நிஜத்துலதான் அடிச்சேன்."

சிரிப்பு நின்றது.

"என் மனைவிய எட்டு வருஷம் அடிச்சேன். கோவத்துல கை நீண்டுருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பொய். கேமரா முன்னாடி என் கை ஒருநாளும் தவறினதில்ல. நிறுத்தத் தெரிஞ்சுதான், நிறுத்தாம அடிச்சேன்."

அடுத்த வாக்கியம் ஜப்பானிய மொழியில் சின்னது. அவளுக்கு வலது காது கேட்காமல் போனது.

"அதுல எடது காது போச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது எட்டியது. என் இடது கை என் இடது காதின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியாது. மொரிவாகி சான் எதுவும் தெரியாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற மல்லிகா அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சேவியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேமராக்கள் இருந்தன.

முடிந்ததும் எல்லோரும் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். உச்சி வெயில். சேவியர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே என் அருகில் வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது.

"ரூமுக்கு வா."

"வரல."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தச் சொல்லை நான் அவரிடம் சொன்னதில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "வரலங்க."

முதல் அடி கண்ணுக்குக் கீழே. உள்ளே ஏதோ குச்சி முறிகிற சத்தம். விழுந்தேன். முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று. அது வாயில். பிறகு விலாவில் ஷூ. யாரோ "சேவியர், சேவியர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தினமும் பத்துப் பேரைத் தூக்கி எறிகிற ஃபைட்டர்கள் சுற்றி நின்றார்கள். மல்லிகா அக்காதான் மேலே வந்து விழுந்தார். அவர் முதுகிலும் ஓர் உதை. மொரிவாகி சான் சேவியரின் இடுப்பைக் கட்டிக்கொண்டார், சேவியர் முழங்கையால் அவர் நெற்றியில் குத்த, தையல் பிரிந்தது. அப்புறம்தான் கனகு மாஸ்டர் நகர்ந்து வந்து தடுத்தார்.

நாற்பது பேர் பார்த்தார்கள். குளியலறை எங்கும் இல்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்தேன். நேற்று தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒருவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். "படம் வெளிய வரட்டும்மா, அப்பறம் பேசிக்கலாம். குடும்ப விஷயம் பேப்பர்ல வந்தா உங்க பொண்ணுக்குத்தானே அசிங்கம்?" கனகு மாஸ்டர் அந்த நேரம் போனில் இருந்தாராம், எதையும் பார்க்கவில்லையாம். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் போனில் இருந்திருக்கிறார்கள்.

மீதி இரண்டு பேர் மல்லிகா அக்காவும் மொரிவாகி சானும். இன்று மகளிர் காவல் நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வி மல்லிகா அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அடுத்து மொரிவாகி சான்.

"இவரு சொல்லுதத யாரு தமிழ்ல சொல்லுவா?"

நான் நிமிர்ந்தேன்.

"நீங்க புகார் குடுத்தவங்க. உங்க சாட்சிக்கு நீங்களே மொழிபெயர்க்கக் கூடாதும்மா. தூத்துக்குடியில ஜப்பான் பாஷைக்கு நான் எங்க போவேன்? ஏற்கெனவே மேல இருந்து ரெண்டு போனு வந்துட்டு. கணவன் மனைவி தள்ளுமுள்ளுன்னு முடிச்சிருங்கன்னு சொல்லுதாவ."

என்ன நடக்கிறது என்று மொரிவாகி சான் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு, அறையின் நடுவில் வந்து நின்றார்.

முதலில் சேவியர் ஆனார். சேவியர் ஆறடி. மொரிவாகி சான் ஐந்தடி மூன்று. ஆனால் தோளைப் பின்னால் தள்ளி, ஒரு விரலில் இல்லாத சாவியைச் சுழற்றிக்கொண்டு, அந்தச் சிரிப்போடு நடந்து வந்தபோது எனக்கு மூத்திரம் முட்டியது. கான்ஸ்டபிள் ஒருத்தி சுவரோடு ஒதுங்கினாள். தலையை லேசாக ஆட்டி, ரூமுக்கு வா என்று அழைத்தார். ஒரு சொல் இல்லை.

பிறகு இரண்டடி நகர்ந்து நானானார்.

நான் எப்படி நிற்பேன் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததில்லை. அவர் கைகளை வயிற்றின் முன்னால் கோத்துக்கொண்டார். தோள்கள் காதுவரை ஏறின. இரண்டு தடவை தலையசைத்து வரமாட்டேன் என்றார். அப்புறம் கண்களை மூடிக்கொண்டு, கன்னத்தைக் கொஞ்சமாக முன்னால் கொடுத்தார். கடன்காரனிடம் கொடுப்பது போல, சீக்கிரம் முடியட்டும் என்பது போல.

நான் அப்படித்தான் நிற்கிறேன். பதினாறு வருடமாக.

மறுபடி சேவியர். இடுப்பைத் திருப்பி, காலை ஊன்றி, கை எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு தூரம் வந்தது, எங்கே பட்டது என்று நிதானமாக, ஒரு வைத்தியர் விளக்குவது போலக் காட்டினார். முடியைப் பிடித்தது. இரண்டாவது அடி. ஷூ. விழுந்தது நான்தான் என்பதால் அவரே விழுந்தார், எழுபத்தொரு வயதில் அந்தச் சிமெண்டுத் தரையில், கையை ஊன்றாமல். தரையில் கிடந்தபடி சுற்றி நின்றவர்களையும் காட்டினார். ஒருவன் போனைப் பார்ப்பது. ஒருவன் ஓரடி எடுத்து வைத்து நிறுத்திக்கொள்வது. ஒருவன் வானத்தைப் பார்ப்பது.

எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு கைகளைத் தொடையில் வைத்துக் குனிந்தார். நெற்றிக் கட்டில் ரத்தம் கசிந்திருந்தது.

முத்துச்செல்வி மேடம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்கய்யா" என்றார். பிறகு எழுத்தரிடம், "எஃப்.ஐ.ஆர் போடு. தள்ளுமுள்ளு இல்ல. கொடுங்காயம்னு எழுது" என்றார்.

அவருடைய வாக்குமூலத்துக்கு ஒரகடத்தில் என்னோடு வேலை பார்த்த சுபாஷினியை வீடியோவில் பிடித்தார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹோட்டலில் வைத்துச் சேவியரைக் கைது செய்தார்கள். அவன் அழுதானாம்.

மார்ச் 2, வியாழன்

மொரிவாகி சானின் கடைசிக் காட்சி. அவர் சாக வேண்டும். முகக் கட்டோடு நானும் போனேன். வேலையை முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். யூனிட்டில் பலர் என் பக்கம் திரும்பவில்லை. பாபு மட்டும் கையில் கட்டோடு வந்து, "அக்கா, நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தேன். இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல" என்றார். அந்த நேர்மைக்கு நன்றி சொன்னேன்.

ஒரே டேக். மார்பில் குத்து வாங்கி உப்பில் சாய்ந்து, கண் திறந்தபடி கிடந்தார். டைரக்டர் கட் சொன்னதும் எழுந்து எல்லோருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணங்கினார்.

காரில் அவரைக் கேட்டேன். "நீங்கள் இப்படி வெளியே சொல்வது ஃபுமியே சானுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவள் என்னை விட்டுப் போன பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு கடிதம் பிரிக்காமல் வந்தது. மூன்றாவதின் உறை மேல் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள். 'என்னை உங்கள் பார்வையாளர் ஆக்காதீர்கள்.' அதற்குப் பிறகு எழுதவில்லை."

அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

"சாட்சிக்கு நன்றி. அதற்கு மட்டும்தான்" என்றேன்.

"அது போதும்" என்றார்.

விமான நிலையத்தில் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 5, ஞாயிறு. சென்னை

வக்கீலைப் பார்க்க வேண்டும். காதுக்கு ஆபரேஷன் செய்தால் பாதி கேட்கும் என்கிறார்கள். ஜாமீன் கிடைத்துவிடும், மூன்று வாரத்திலோ ஆறு வாரத்திலோ. பூட்டை மாற்றக் காலையிலேயே ஆள் வந்து போனார்.

ரோஸ்லின் அக்கா ஜெனியைக் கொண்டுவந்து விட்டார். என் முகத்தைப் பார்த்து அவள் கத்தவோ அழவோ இல்லை. விரலால் கட்டின் ஓரத்தைத் தொட்டாள்.

"அப்பா வர மாட்டாராம்மா?"

"இந்த வீட்டுக்கு வர மாட்டார்."

"நீ சொன்னியா, போலீஸ் சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்."

பிறகு தன் அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, பழைய ஸ்கூல் பை ஒன்றை இழுத்து வந்து என் முன்னால் கவிழ்த்தாள். அவளுடைய இரண்டு சுடிதார். அவளுக்கு இப்போது பத்தாத அளவு. ஒரு டார்ச். பிஸ்கட் பாக்கெட், தேதி முடிந்தது. அதற்கடியில் என் நைட்டி ஒன்று, காணாமல் போய்விட்டது என்று நான் விட்டுவிட்டது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் ஜப்பானிய மொழிச் சான்றிதழ்.

"எப்படி வச்ச இதெல்லாம்? எப்ப?"

"ஆறாவது படிக்கிறப்ப. நீ என்னிக்காவது போலாம்னு சொன்னா, ஒடனே கெளம்பணும்ல" என்றாள். நைட்டியை உதறி மடித்து பீரோவில் என் தட்டில் வைத்தாள்.